விலக்கிய ஃபோல்டர் தேடலில் இன்னும் வருகிறதா? யார் கொண்டுவருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கணினியில் ஒரு பழைய ஃபைலைத் தேடினால், அது கண்ணில் படுவதற்கு முன்பே பேக்கப் ஃபோல்டரிலிருந்தும், வெப்சைட் வேலைக்காக இறக்கி வைத்த, பிறர் எழுதிய நிரல்கள் நிறைந்த நோட் மாட்யூல்ஸ் (node_modules) ஃபோல்டர்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் வந்து குவிகின்றன. அவை தேவைப்படுபவை, அழிக்க முடியாது. தேடலில் மட்டும் வராமல் இருந்தால் போதும். செட்டிங்ஸில் போய் விலக்கியும் பார்த்தாயிற்று, இன்னும் வருகின்றன. எந்த சிஸ்டம் என்று கேட்டவர் குறிப்பிடவில்லை என்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றையும் தொட்டுச் சொல்கிறேன். எந்தப் பட்டனை அழுத்துவது என்பது இதில் சின்ன விஷயம். விலக்கிய பிறகும் அந்த ஃபைல்களை யார் தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள் என்பதில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள். மற்றவர்களின் கணினிகளைச் சரிசெய்து தருவது என் வேலை. இந்தப் புகாரோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் விலக்க வேண்டியதை விலக்கித்தான் இருப்பார்கள். தொடர்பில்லாத இடத்தில் விலக்கியிருப்பார்கள்.

கணினி இரண்டு விதமாகத் தேடுகிறது. ஒன்று, முன்கூட்டியே எல்லா ஃபோல்டர்களையும் படித்து, ஃபைல் பெயர்களையும் உள்ளே இருக்கும் சொற்களையும் ஒரு இண்டெக்ஸில் எழுதி வைத்துக்கொண்டு, நாம் கேட்டதும் அதைப் பார்த்துப் பதில் சொல்வது. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதே, அதே வேலைதான். இன்னொன்று, இண்டெக்ஸ் எதுவும் இல்லாமல், நாம் கேட்ட பிறகு ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து பார்ப்பது. முதலாவது நொடியில் முடியும், இரண்டாவது இழுக்கும். இண்டெக்ஸிலிருந்து ஒரு ஃபோல்டரை விலக்கினால் முதல் வகைத் தேடல் மட்டும்தான் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது வகைக்கு அந்த விலக்குப் பட்டியலைப் பற்றிக் கவலையே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே தேடல் பெட்டி நீங்கள் எங்கே நின்று தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் எதையும் செய்யும், எதைச் செய்தது என்று பெரும்பாலும் சொல்லாது.

ஆகவே முதலில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நீங்கள் விலக்கிய ஃபோல்டருக்குள் போய் ‘யானைமுட்டை’ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்குங்கள். அதற்குள் ‘குதிரைக்கொம்பு’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிச் சேமியுங்கள். உங்கள் கணினியில் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத சொற்கள் என்பதற்காகத்தான் இவை. வேறு எந்தக் கிறுக்குச் சொல்லும் சரி. சில நிமிடங்கள் விட்டு, முதலில் ஸ்டார்ட் மெனுவில் அல்லது அதற்கு ஈடான பொதுத் தேடலில் இரண்டு சொற்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். அப்புறம் ஃபைல் மேனேஜரைத் திறந்து அதே ஃபோல்டருக்கு மேலே உள்ள ஃபோல்டரில் நின்று தேடுங்கள். பொதுத் தேடலில் வராமல் ஃபைல் மேனேஜரில் மட்டும் வந்தால், இண்டெக்ஸ் விலக்கு வேலை செய்கிறது, ஃபைல் மேனேஜர் தானாகப் போய்த் துழாவுகிறது என்று அர்த்தம். பொதுத் தேடலிலேயே யானைமுட்டை வந்து குதிரைக்கொம்பு வராவிட்டால், நீங்கள் விலக்கியது உள்ளடக்கத்தை மட்டும். பெயர் இன்னும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டும் வராமல், அந்த ஃபோல்டரின் பழைய ஃபைல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தால், விதி சரி, பழைய பதிவுகள் இன்னும் துடைக்கப்படவில்லை. இண்டெக்ஸை ஒருமுறை புதிதாகக் கட்டச் சொன்னால் போய்விடும். எல்லா இடத்திலும் இரண்டுமே வந்தால்தான் விலக்கு பதியவே இல்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

விண்டோஸில் விலக்குவதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன, மூன்றாவதாக ஒரு பொறியும் இருக்கிறது. பழைய இடம் கன்ட்ரோல் பேனலில் உள்ள இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ். அதில் மாடிஃபை அழுத்தி, மரம்போல விரியும் பட்டியலில் வேண்டாத ஃபோல்டரின் டிக்கை எடுத்துவிடலாம். புதிய இடம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் உள்ள தேடல் பக்கம். பதிப்புக்குப் பதிப்பு அதன் பெயர் கொஞ்சம் மாறும். அங்கே கிளாசிக், என்ஹான்ஸ்டு என்று இரண்டு முறைகள் இருக்கும். கிளாசிக்கில் உங்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்றவைதான் இண்டெக்ஸ் ஆகும். என்ஹான்ஸ்டு முழுக் கணினியையும் எடுத்துக்கொள்ளும். அதன் கீழேயே விலக்க வேண்டிய ஃபோல்டர்களைச் சேர்க்கும் வசதியும் உண்டு. யாரோ சொன்னார்கள் என்று என்ஹான்ஸ்டுக்கு மாறிவிட்டு, பிறகு குப்பை வருகிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்குத் தேவை கிளாசிக்குக்கே திரும்பிப் போவதுதான்.

பொறி எதுவென்றால், ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போனால் கிடைக்கும் ஒரு டிக். உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்ய அனுமதி என்ற பொருளில் அது இருக்கும். அதை எடுத்துவிட்டால் ஃபோல்டரே தேடலிலிருந்து போய்விடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வரியைக் கடைசிவரை படித்தால், ஃபைலின் பண்புகளோடு கூடுதலாக உள்ளடக்கத்தையும் என்று இருப்பது தெரியும். கூடுதலாக என்பதைத்தான் நீங்கள் எடுத்தீர்கள். பெயர் அப்படியே நிற்கும். மேலே சொன்ன சோதனையில் யானைமுட்டை வந்து குதிரைக்கொம்பு வராமல் போகும் நிலை விண்டோஸில் அனேகமாக இதனால்தான்.

அடுத்தது விண்டோஸின் ஃபைல் மேனேஜரான எக்ஸ்ப்ளோரர். கிளாசிக் முறையில் இருந்துகொண்டு, சி டிரைவைத் திறந்து அதன் மேல்மூலையில் தேடினால், அந்த டிரைவின் பெரும்பகுதி இண்டெக்ஸில் இல்லாததால் எக்ஸ்ப்ளோரர் கால்நடையாகவே ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் போகும். பச்சைப் பட்டை மெதுவாக நகரும்போதே இது புரிந்துவிட வேண்டும். நீங்கள் விலக்கிய ஃபோல்டரும் வழியில்தானே இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுத்தான் வரும். இதற்கு விலக்குப் பட்டியலில் மருந்து இல்லை. டிரைவின் உச்சியில் நின்று தேடும் பழக்கத்தை விட்டு, ஃபைல் இருக்கக்கூடிய ஃபோல்டரில் நின்று தேடுவதுதான் வழி. அல்லது எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் டிரைவ் வடிவம்) டிரைவில் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் வைத்திருக்கும் மூலப் பட்டியலையே அது நேரடியாகப் படிப்பதால், மொத்த டிரைவின் பெயர்களும் உடனே கைக்கு வந்துவிடும். ஆப்ஷன்ஸில் இண்டெக்ஸ் பகுதியில் எக்ஸ்க்ளூட் என்ற பக்கத்தில் ஃபோல்டர்களை நிரந்தரமாக விலக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, தேடும்போதே விலக்குவது: தேடும் சொல்லுக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, ஆச்சரியக்குறி போட்டு, ஒட்டினாற்போல் ஃபோல்டர் பெயரை இரண்டு பக்கமும் பின்சாய்கோடு வைத்து எழுதினால், அந்த ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் மறைந்துவிடும். சாய்கோடுகளை மறந்தால் அது ஃபைலின் பெயரோடு மட்டும்தான் ஒப்பிடும். ஃபோல்டருக்குள் இருப்பவை எதுவும் மறையாது. வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மேக்கில் விஷயம் எளிது, காரணம் அங்கே 2005-இல் வந்த ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதியையே ஃபைல் மேனேஜரான ஃபைண்டரும் மற்ற பல மென்பொருள்களும் நம்பியிருக்கின்றன. சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்பாட்லைட் பக்கத்தின் அடியில் பிரைவசி என்று முடியும் பட்டனை அழுத்தி, வேண்டாத ஃபோல்டரை இழுத்துப் போட்டால் போதும். ஸ்பாட்லைட்டிலும் வராது, ஃபைண்டர் தேடலிலும் வராது. இந்த வசதியே சில நேரம் வினையாகிவிடும். வேலை முடிந்து எப்போதோ விலக்கிய ஃபோல்டரை மறந்துவிட்டு, ஃபைல் காணாமல் போய்விட்டது என்று பதறுவார்கள். ஃபைல் அங்கேயேதான் இருக்கும். இன்னொரு வழி, ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் அதை ஒட்டி நோஇண்டெக்ஸ் என்பதை ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமலும் சேர்ப்பது. அந்தப் பெயரைப் பார்த்தாலே ஸ்பாட்லைட் உள்ளே போகாது. ஃபோல்டரை இடம் மாற்றினாலும் விலக்கு கூடவே வரும் என்பது இதில் லாபம். பெயர் மாறியதால் அந்தப் பாதையை, அதாவது ஃபோல்டர் இருக்கும் முழு முகவரியை, நம்பியிருக்கும் மென்பொருள்கள் தடுமாறும் என்பது நஷ்டம். மெட்டாடேட்டா நெவர் இண்டெக்ஸ் என்ற பெயரில் ஒரு காலி மறை ஃபைலை வைத்தால் போதும் என்றும் ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஒரு டிரைவின் உச்சியில் வைப்பதற்கானது. சாதாரண ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு அதை நம்பாதீர்கள்.

லினக்ஸில்தான் என் பொழுது போகிறது, அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன். லினக்ஸ் கணினி ஒன்றில் ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு மூன்று இண்டெக்ஸ்கள் இருக்கலாம். க்னோம் டெஸ்க்டாப்பில் டிராக்கர் என்று ஒன்று. 2024-இல் க்னோம் 47 வந்தபோது அதன் ஃபைல் தேடும் பகுதிக்கு லோக்கல்சர்ச் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் பாலூ. இவை தவிர டெர்மினலில் லொகேட் என்று தேடினால் பதில் சொல்வது தனி டேட்டாபேஸ். ஒன்றில் விலக்கினால் மற்றொன்றுக்குத் தெரியாது. டிராக்கருக்கு செட்டிங்ஸில் சர்ச் பக்கத்தில் எந்த ஃபோல்டர்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். அதைவிடக் கச்சிதமானது, வேண்டாத ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் டிராக்கர்இக்னோர் என்ற காலி ஃபைலை வைத்துவிடுவது. அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரை அது தொடாது. கிட் (ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) ரெபாசிட்டரியாக இருக்கும் ஃபோல்டர்களை டிராக்கர் சொல்லாமலே தவிர்த்துவிடும். புள்ளி கிட் ஃபோல்டர் உள்ளே இருந்தாலே அதற்கு அடையாளம். தன் சொந்தக் கட்டுரைகளைக் கிட்டில் போட்டு வைத்திருப்பவர்களுக்குத் தேடலில் அவை ஏன் வருவதில்லை என்பதற்கும் இதுவே விடை. பாலூவுக்கு சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபைல் சர்ச் பக்கம் இருக்கிறது. நோட் மாட்யூல்ஸ் போன்ற சில பெயர்கள் அதன் விலக்குப் பட்டியலில் ஏற்கனவே இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் க்னோமின் ஃபைல்ஸ் சன்னலில் தேடினால் வேண்டாத ஃபோல்டர் தலைகாட்டலாம். ஏனென்றால் அது டிராக்கரைக் கேட்பதோடு நிற்காமல், தானும் துணை ஃபோல்டர்களுக்குள் இறங்கிப் பார்க்கும். சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியலையும் கலந்துகொள்ளும். அதன் பிரிஃபரன்ஸஸில் துணை ஃபோல்டர்களில் தேடுவதை நிறுத்தலாம். அப்போது வேறு நல்ல முடிவுகளும் போய்விடும் என்பதால் நான் நிறுத்துவதில்லை.

லொகேட்டுக்கு எட்சி ஃபோல்டரில் உள்ள அப்டேட்டிபி கான்ஃப் (/etc/updatedb.conf) என்ற ஃபைலில் இரண்டு வரிகள் முக்கியம். புரூன்பாத்ஸ் என்பதில் முழுப் பாதைகளைத் தருவீர்கள், புரூன்நேம்ஸ் என்பதில் வெறும் பெயர்களை. பெயர் வரியில் நோட் மாட்யூல்ஸ் என்று ஒருமுறை எழுதினால், கணினியில் எங்கே அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தாலும் தாண்டிவிடும். அங்கே நட்சத்திரக் குறி போன்ற மாதிரிகள் செல்லாது, சரியான பெயர்தான் வேண்டும். பாதை வரியில் லொகேட் காட்டுவது எப்படியோ அதே வடிவில், கடைசியில் சாய்கோடு இல்லாமல் எழுதுங்கள். டேட்டாபேஸ் பொதுவாக நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால், எழுதியதும் அதைப் புதுப்பிக்கும் அப்டேட்டிபி கமாண்டை ரூட் (நிர்வாகி) உரிமையோடு கையால் ஓட்டினால்தான் விளைவு உடனே தெரியும். டெர்மினலில் இண்டெக்ஸ் இல்லாமல் தேடும் ஃபைண்ட் கமாண்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல். நாட் பாத் என்று கொடுத்து விலக்குவதும் புரூன் என்று கொடுத்து விலக்குவதும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவது அந்த ஃபோல்டருக்குள் முழுக்க நுழைந்து, ஒவ்வொரு ஃபைலையும் பார்த்துவிட்டு, காட்டாமல் மட்டும் விடும். இரண்டாவது வாசலிலேயே திரும்பிவிடும். லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டரில் இந்த வித்தியாசத்தைக் கடிகாரம் இல்லாமலே உணரலாம்.

பெயரால் விலக்குவதும் பாதையால் விலக்குவதும் என்ற இந்த வேறுபாட்டைக் கேட்டவர் கவனிக்க வேண்டும், அவர் பிரச்சினையின் பாதி இதில் இருக்கிறது. பேக்கப் ஃபோல்டர் ஒரே இடத்தில் இருக்கும். அதன் பாதையை ஒருமுறை விலக்கினால் தீர்ந்தது. நோட் மாட்யூல்ஸ் அப்படி இல்லை, புது வேலை தொடங்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று முளைக்கும். விண்டோஸின் அமைப்புப் பக்கமும் ஸ்பாட்லைட்டின் பிரைவசிப் பட்டியலும் வாங்கிக்கொள்வது பாதைகளைத்தான். ஆகவே அங்கே அதைத் துரத்திக்கொண்டு ஓடுவது வீண் வேலை. வெப்சைட் வேலைகள் எல்லாவற்றையும் ஒரே தாய் ஃபோல்டரின் கீழே கொண்டுவந்து, அந்தத் தாய் ஃபோல்டரை விலக்கிவிடுங்கள். விண்டோஸில் கிளாசிக் முறையில் இருந்தால் அந்த ஃபோல்டரை டாக்குமென்ட்ஸுக்கு வெளியே, டிரைவின் உச்சியில் வைத்தாலே போதும். விலக்க வேண்டிய அவசியமே வராது. நீங்கள் எழுதிய சொந்த நிரல்களும் சேர்ந்து தேடலிலிருந்து போய்விடுமே என்றால், போகட்டும். அவற்றைத் தேடக் கோட் எடிட்டரின் தேடலோ, டெர்மினலில் ஃபைல்களுக்குள் சொல் தேடும் ரிப்கிரெப்போ டெஸ்க்டாப் தேடலைவிட நூறு மடங்கு மேல். கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் ஃபைலில் இருப்பவற்றை ரிப்கிரெப் தானாகவே விட்டுவிடும்.

பேக்கப்பை விலக்குவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்தபிறகு நாம் முதலில் ஓடுவது தேடல் பெட்டிக்குத்தான். அந்த நேரத்தில் பேக்கப்பிலிருந்து ஒரு பிரதி வந்து நின்றால் எவ்வளவு நிம்மதி. அதனால் பேக்கப் உள்டிரைவிலேயே தினசரி வேலைக்கு இடையூறாக இருந்தால் மட்டும் விலக்குங்கள். எப்போதாவது செருகும் வெளி டிரைவில் இருந்தால் அப்படியே விடுங்கள். அதேபோல், குப்பையைக் குறைக்கிறேன் என்று இண்டெக்ஸையே மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். கிளாசிக் அவுட்லுக் மெயில் தேடல் விண்டோஸ் இண்டெக்ஸை நம்பியிருக்கிறது. மேக்கின் மெயில் ஸ்பாட்லைட்டை நம்பியிருக்கிறது. ஃபைல் தேடலைச் சரிசெய்யப் போய் மெயில் தேடலை இழந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை. யாரும் பார்க்கக்கூடாத ஃபைல்களை மறைக்க இந்த வழியை நாடுவதும் பயன் தராது. ஃபோல்டரைத் திறக்கத் தெரிந்தவர் திறந்துவிடுவார். அதற்கு என்கிரிப்ஷன்தான் வேண்டும்.

சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றிரண்டு ஃபைல்கள் மட்டும் பிடிவாதமாக வந்தால், அவை சமீபத்தில் திறந்தவையா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் இண்டெக்ஸோடு சம்பந்தமில்லாமல் தனியாக இருக்கும், அதைத் துடைத்தால் போய்விடும். இன்னொரு சாத்தியம், அதே ஃபோல்டருக்கு வேறொரு பாதையும் இருப்பது: சிம்பாலிக் லிங்க் (வேறிடத்திலிருந்து அதே ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு), அல்லது கிளவுட் சிங்க் ஃபோல்டரில் ஒரு பிரதி. முடிவில் வரும் ஃபைலின் முழுப் பாதையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீங்கள் விலக்கிய பாதையும் அதுவும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஃபைல் நெட்வொர்க் டிரைவில் இருந்தால், அந்தப் பக்கத்து சர்வர் தன் சொந்த இண்டெக்ஸிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை உங்கள் கணினியிலிருந்து விலக்க முடியாது, சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் கேட்க வேண்டும். அலுவலகக் கணினியில் இந்த செட்டிங்ஸ் பக்கங்களே மங்கலாகி அழுத்த முடியாமல் இருந்தாலும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும். போகும்போது முழுப் பாதையையும், யானைமுட்டை எங்கே வந்தது, குதிரைக்கொம்பு எங்கே வரவில்லை என்பதையும் குறித்துக்கொண்டு போனால் அவர் வேலை சீக்கிரம் முடியும்.